காரணீயப் பெருக்கத்தை வகுக்கும் அடுக்குகள்

எண் கோட்பாட்டில், 1 முதல் ஓர் எண் வரையுள்ள முழு எண்கள் அனைத்தையும் பெருக்கிக் கிடைப்பது அவ்வெண்ணின் காரணீயப் பெருக்கம் எனப்படும் (5! = 1×2×3×4×5 = 120). ஒரு பகா எண்ணின் எத்தனையாவது அடுக்கு வரை இப்பெருக்கத்தை மீதியின்றி வகுக்கும் என்ற வினாவிலிருந்து பல முழு எண் தொடர்வரிசைகள் பிறக்கின்றன. 100! என்பது 158 இலக்கங்கள் கொண்டது. அதை எழுதிப் பாராமலே, அதன் இறுதியில் 24 சுழியங்கள் உள்ளன என்று கூறிவிடலாம்.

லெஜாண்டர் வாய்பாடு

இதற்கான வாய்பாடு பிரான்சியக் கணிதவியலர் லெஜாண்டரின் (1752–1833) பெயரால் வழங்குகிறது. இறுதிச் சுழியம் ஒவ்வொன்றுக்கும் ஒரு 2, ஒரு 5 தேவை. 2-கள் மிகுதியாகவே இருப்பதால் 5-களை எண்ணினால் போதும். 100 வரை 5-இன் மடங்குகள் 20. அவற்றுள் 25, 50, 75, 100 ஆகிய நான்கும் இன்னொரு 5-ஐயும் தருகின்றன. இதை விட்டுவிடுவதே பலரும் செய்யும் பிழை. ஆகவே 20 + 4 = 24. 

இதே காரணத்தால் 24!-இல் 4 சுழியங்களும் 25!-இல் 6 சுழியங்களும் வருகின்றன. சரியாக 5 சுழியங்களில் முடியும் காரணீயப் பெருக்கம் எதுவுமே இல்லை! அவ்வாறே 11, 17, 23 ஆகியனவும் விடுபடுகின்றன, 125!-ஐ எட்டும்போது 29, 30 இரண்டும் ஒருசேர விடுபடுகின்றன.

2-இன் அடுக்கு

1! முதல் 10! வரை 2-இன் அடுக்குகள்: 0, 1, 1, 3, 3, 4, 4, 7, 7, 8. எண்ணிலிருந்து, அதன் இரும வடிவில் உள்ள 1-களின் எண்ணிக்கையைக் கழித்தால் இந்த அடுக்கு கிடைக்கும். 100-இன் இரும வடிவம் 1100100, மூன்று 1-கள், எனவே அடுக்கு 97. எந்த நேர்ம முழு எண்ணின் இரும வடிவிலும் குறைந்தது ஒரு 1 இருக்கும் என்பதால், அடுக்கு அவ்வெண்ணை ஒருபோதும் எட்டாது. 

வினாவைத் திருப்பியும் கேட்கலாம். 2, 4, 8, 16 என்னும் அடுக்குகள் ஒவ்வொன்றாலும் வகுபடும் மிகச்சிறிய காரணீயப் பெருக்கம் எது? விடை 2, 4, 4, 6, 8, 8, 8, 10, 12, 12 என்ற எண்களின் காரணீயப் பெருக்கங்களாகச் செல்லும். 4 இருமுறையும் 8 மும்முறையும் வருவது அவற்றில் அடங்கிய 2-களின் எண்ணிக்கையால்தான். எல்லா எண்களுக்கும் பொதுவான இத்தகைய சார்பை 1918-இல் கெம்ப்னர் ஆராய்ந்தார்.

பகு எண்கள்

பகு எண்ணாயின் அதன் மிகப்பெரிய பகாக் காரணியை மட்டும் எண்ணினால் போதாது. 12-க்கு இரண்டு 2-களும் ஒரு 3-உம் வேண்டும். 8!-இல் 3-கள் போதாமல் 12-இன் இரண்டாம் அடுக்குடன் நின்றுவிடுகிறது, 9!-இலோ 2-களே பற்றாக்குறை, மூன்றாம் அடுக்குடன் நிற்கிறது. 100!-இல் 97 இரண்டுகளும் 48 மூன்றுகளும் உள்ளன; இரு வழியிலும் 12-இன் 48-ஆம் அடுக்கே எல்லை.