கச்சான் காற்றும் அணுவின் சாம்பலும்

மன்னார்க் குடாவின் மறுகரையிலே கூடங்குளத்து அணுமின் நிலையம் 2013 ஆம் ஆண்டில் மின்சாரம் வழங்கத் தொடங்கியது முதலாக, அங்கே ஏதேனும் விபரீதம் நேர்ந்தால் நமது கதி என்ன என்ற கேள்வி, கற்பிட்டி முதல் உடப்பு வரையுள்ள கரையோரத்தில் கரைவலை இழுப்பவர்க்கும், உப்பளத்தில் உழைப்பவர்க்கும், மணற்பூமியில் மிளகாயும் வெங்காயமும் பயிரிடுவோர்க்கும் எழுவது இயல்பேயாகும். கற்பிட்டியிலிருந்து நேர் மேற்கே கடலை அளந்தால் கூடங்குளம் ஏறக்குறைய 225 கிலோமீற்றரில் இருக்கிறது. இந்த இலக்கத்தைக் கேட்டு அஞ்சுவோரும் உண்டு. இதையே ஆறுதலாகக் கொள்வோரும் உண்டு. இருவரும் தூரம் ஒன்றையே அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதே என் கவலை; ஏனெனில், அணுவின் அபாயத்திலே தூரம் காப்பது ஓர் எல்லை வரைக்குமே, அதற்கப்பால் தீர்ப்பளிப்பவை காற்றும் மழையுமாம்.

முதலில் அந்த எல்லையைப் பார்ப்போம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15 மணிக்கு ஹிரோஷிமாவின் மேலே, ஏறத்தாழ 600 மீற்றர் உயரத்தில் வெடித்த குண்டின் வலிமை, 15,000 தொன் வெடிமருந்துக்கு ஒப்பானது. அதன் சக்தியில் ஏறக்குறைய பாதி அதிர்ச்சி அலையாகவும், மூன்றிலொரு பங்கு உஷ்ணமாகவும், எஞ்சியது கதிரியக்கமாகவும் வெளிப்பட்டது. மனம் கூசினாலும், அந்தக் குண்டைப் புத்தளம் நகரின் வானத்திலே வைத்துக் கணக்கிட்டால்தான் விஷயம் நமக்கு விளங்கும். நகர மத்தியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வெட்டவெளியில் நிற்பவர் பிழைப்பது அரிது. தீக்காயத்துக்கும் இடிபாட்டுக்கும் தப்பியவரையும், சரீரத்தை ஊடுருவிய கதிர்கள் சில வாரங்களுக்குள் வாந்தியாலும், மயிர் உதிர்வாலும், இரத்தப் பெருக்காலும் மாய்த்துவிடும். இரண்டு கிலோமீற்றர் வரை வீடுகள் சரிந்து, அடுப்புகளிலிருந்தும் அறுந்த மின்கம்பிகளிலிருந்தும் மூண்ட தீ ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்தீயாகும். மூன்றரைக் கிலோமீற்றர் வரையிலும் திறந்த சருமம் வெந்துபோகக்கூடும். ஆனால் அந்த உஷ்ணம் ஒளியைப் போல நேர்கோட்டிலே செல்வதாகையால், ஒரு மதிற்சுவரின் மறைவில் நின்றவன் காயமின்றித் தப்ப, அவனருகே வெளியில் நின்றவன் ஒரு பக்கம் முழுவதும் கருகியதை ஹிரோஷிமாவிலே கண்டார்கள். உடுத்திருந்த துணியின் கரிய கோலங்கள் வெப்பத்தை ஈர்த்து, சிலருடைய தோலிலே அவ்வாறே பதிந்தும் இருந்தன.

பாலாவியில் இருப்பவருக்கு, ஐந்து கிலோமீற்றர் அளவிலே, பெரும் பகை ஜன்னற் கண்ணாடியே. ஒளி முதலில் வரும். அதிர்ச்சி அலையோ பதினைந்து விநாடி வரை பிந்தியே வந்து சேரும். அந்த இடைவெளியிலே, என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலண்டை ஓடுகிறவனே கண்களை இழப்பான். தரையிலே குப்புறப் படுத்தவன் பெரும்பாலும் பிழைப்பான். பன்னிரண்டு கிலோமீற்றரிலுள்ள நுரைச்சோலையிலே சில கண்ணாடிகள் உடையலாம். நேர்கோட்டில் இருபது கிலோமீற்றருக்குச் சற்று மேலான கற்பிட்டியிலோ, பிரகாசம் தோன்றி ஒரு நிமிஷத்துக்குமேல் ஆன பின்னரே இடியோசை கேட்கும். நேரடியான தீங்கின் எல்லை, அந்த அளவுக் குண்டுக்கு, அவ்வளவே.

இனி மற்றொன்று. 1954 மார்ச் 1 ஆம் திகதி பசிபிக் சமுத்திரத்திலே பிக்கினித் தீவில் அமெரிக்கர் பரீட்சித்த ஐதரசன் குண்டு, விஞ்ஞானிகள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் இரண்டரை மடங்கு வலிமையோடு, ஹிரோஷிமாக் குண்டைப் போல ஆயிரம் மடங்காக வெடித்தது. அப்பொழுது, அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே, ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவில், சூரைமீன் பிடிக்க வந்த யப்பானிய வள்ளம் ஒன்று நின்றது. 'டைகோ ஃபுக்குரியூ மாரு' என்ற அதிலிருந்த 23 மீனவர் மேற்கு வானத்திலே வெளிச்சத்தைக் கண்டனர். ஏழெட்டு நிமிஷங்களின் பின் ஓசையைக் கேட்டனர். உஷ்ணம் அவர்களைச் சுடவில்லை, அலை அவர்களைக் கவிழ்க்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குள், பொடியான பவளப்பாறை வெண்சாம்பலாக ஆகாயத்திலிருந்து தளத்தின்மேலும் தலையின்மேலும் பெய்யத் தொடங்கியது. அது இன்னதென்று அறியாத அவர்கள் வெறுங்கையால் அதைத் துடைத்துக்கொண்டே தூண்டிற்கயிறுகளை இழுத்தார்கள். வள்ளத்தின் வானொலி இயக்குநர் ஐக்கிச்சி குபோயாமா அவ்வருஷம் செப்டம்பர் 23 இல் இறந்தார். அவரைக் கொன்றதும் மற்றவர்களை நோயாளராக்கியதும் காற்று வந்த திசையன்றி வேறில்லை. நம்முடைய கடலோடிகளைப் போன்றவர்கள் அவர்கள் என்பதனாலேயே இந்தச் சம்பவம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

கூடங்குளத்து உலை குண்டைப் போல வெடிக்காது. அதன் எரிபொருளில் பிளவுறும் யுரேனியம் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. குண்டுக்கோ தொண்ணூறளவு வேண்டும். ஆயினும், 1986 இல் செர்னோபிலிலும் 2011 இல் புக்குஷிமாவிலும் நேர்ந்ததைப் போல, நீராவியோ ஐதரசன் வாயுவோ வெடித்து, எட்டு நாளில் பாதியாகும் அயடீனையும், முப்பது வருஷத்தில் பாதியாகும் சீசியத்தையும் காற்றிலே கலக்கக்கூடும். செர்னோபிலிலிருந்து நூறு கிலோமீற்றர் அளவிலுள்ள கீவ் நகரைக் காட்டிலும், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் வடகிழக்கே, அந்நாட்களில் மழை பெய்த பெலரூஸ் கிராமங்களிலேதான் சீசியம் கடுமையாகப் படிந்தது. கற்பிட்டியின் தூரமும் கிட்டத்தட்ட அதுவே.

ஆனால் நமது பருவங்களை இங்கே சற்று ஆராய வேண்டும். வைகாசி முதல் புரட்டாதி வரை கச்சானும் சோளகமும் கூடங்குளத்துப் பக்கமிருந்து நம்மை நோக்கி வீசும் காலத்தில், புத்தளம் வறண்டு கிடக்கிறது. தூசியைத் தரைக்குக் கழுவி இறக்கும் மழை அப்போது அரிது. மார்கழி, தை மாதங்களின் வாடைக்காற்றோ நம்மிடமிருந்து இந்தியக் கரையை நோக்கி ஓடுகிறது. ஆகவே உண்மையில் அஞ்சத்தக்கவை, காற்றின் திசை நிலைகொள்ளாமல் பிற்பகல்தோறும் இடிமழை பெய்யும் சித்திரையும் ஐப்பசியுமே. இந்த நுட்பம் கொழும்பிலுள்ள அதிகாரியைவிட உடப்பின் சம்மாட்டிக்கு நன்றாகப் புரியும்.

மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று 225 கிலோமீற்றரைக் கடக்க ஒன்பது மணி நேரம் ஆகும். அந்த அவகாசம் சிறிதன்று. கிடுகு வாடியை விட்டுச் சீமெந்துச் சுவருள்ள பள்ளிவாசலுக்கோ கோவிலுக்கோ பாடசாலைக்கோ பிள்ளைகளைச் சேர்க்கலாம். திறந்த கிணறுகளை மூடலாம். காயப்போட்ட கருவாட்டை உள்ளே எடுக்கலாம். மேயும் பசுவின் பாலைச் சில வாரங்கள் பிள்ளைகளுக்குக் கொடாதிருக்கலாம், ஏனெனில் புல்லில் விழுந்த அயடீன் பாலின் வழியாகவே சிறுவரின் தைரொயிட் சுரப்பியில் சேர்கிறது. கதிரியக்கமற்ற அயடீனைக் கொண்ட மாத்திரையை முன்கூட்டியோ முதற் சில மணி நேரத்திலோ விழுங்கினால் அந்தச் சுரப்பி நிறைந்துபோய், விஷ அயடீனுக்கு இடம் தராது, பிந்தினால் பெரும்பயனில்லை. ஆகையால் அது கொழும்புக் களஞ்சியத்தில் அன்று, கற்பிட்டியிலும் முந்தலிலும் உள்ள வைத்தியசாலைகளிலே இருக்க வேண்டியதாகும். செர்னோபில் விபத்து நேர்ந்த மூன்றாம் நாளே போலந்து நாடு விநியோகத்தைத் தொடங்கி, ஒரு கோடிக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு அயடீனைக் கொடுத்து முடித்தது. அந்த நாட்டின் எல்லையோ விபத்து நடந்த இடத்திலிருந்து நானூறு கிலோமீற்றர் அளவு தள்ளியிருந்தது.