ஒரே வண்டி, இரண்டு ஒப்பந்தங்கள்: ஹைபிரிட் எஸ்யூவி வாங்கும் முன்

மாருதி சுசூகி கிராண்ட் விட்டாராவா, டொயோட்டா ஹைரைடரா? ஹைபிரிட் எஸ்யூவி தேடுகிற பலர் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். முகப்பு விளக்கு, கிரில், சக்கர வடிவம் என்று ஒப்பிடுவதிலேயே பல நாள் போய்விடுகிறது. ஆனால் 2022-இல் அறிமுகமான இந்த இரண்டும் கர்நாடகத்தின் பிடதியில் உள்ள டொயோட்டா ஆலையில் உருவாகத் தொடங்கியவை. ஸ்ட்ராங் ஹைபிரிட் வகையில் இரண்டிலும் அதே 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின், அதே மோட்டார், அதே லித்தியம் அயான் பேட்டரி. அறிமுகத்தின்போது அறிவித்த மைலேஜும் லிட்டருக்கு 27.97 கி.மீ. என்று புள்ளி மாறாமல் ஒன்றே. 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவிக்காக மாருதி 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது அதில் கிராண்ட் விட்டாராவும் இருந்தது. அதே மாதம் அதே கருவிக்காக டொயோட்டா, ஹைரைடர் உள்ளிட்ட 1,390 வண்டிகளை அழைத்தது. இயந்திரம் ஒன்றாக இருக்கும்போது, வாங்குபவரின் கையில் உண்மையில் வேறுபடுவது கொட்டேஷன், வாரண்டி புத்தகம், இன்சூரன்ஸ் பாலிசி, புக்கிங் படிவம் ஆகிய தாள்கள்தான். பிறகு சிக்கல் வந்தால் உரிமையைக் காப்பாற்றப்போவதும் அவையே.

முதலில் கவனிக்க வேண்டியது ‘ஹைபிரிட்’ என்ற சொல். இரு நிறுவனங்களும் ஒரே பெயருள்ள வண்டியை இரண்டு விதமான ஹைபிரிட்டாக விற்கின்றன. மைல்டு ஹைபிரிட்டில் சிறிய மின்கருவி எஞ்சினுக்குக் கை கொடுக்கும், அவ்வளவுதான். மின்சாரத்தில் மட்டும் வண்டி நகராது. ஸ்ட்ராங் ஹைபிரிட் நெரிசலில் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டாரிலேயே ஊர்ந்து செல்லும். மாருதி முதல் வகையை ஸ்மார்ட் ஹைபிரிட் என்றும் இரண்டாவதை இன்டெலிஜென்ட் எலெக்ட்ரிக் ஹைபிரிட் என்றும் அழைக்கிறது. டொயோட்டாவில் நியோ டிரைவ் என்றால் மைல்டு வகை. விளம்பரத்தில் 27.97 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறவர், ‘ஹைபிரிட்தான் சார்’ என்ற பதிலோடு மைல்டு வகைக்கு முன்பணம் கட்டிவிட்டு வர முடியும். சொன்னவர் பொய் சொல்லவில்லை, கேட்டவரும் தவறாகக் கேட்கவில்லை. தாளில் வகை எழுதப்படாததுதான் குறை. எனவே கொட்டேஷனிலும் புக்கிங் படிவத்திலும் வேரியண்ட் பெயர், மைல்டா ஸ்ட்ராங்கா என்ற விவரம், கியர் வகை மூன்றும் இருக்க வேண்டும்.

மைலேஜ் கூடுதல் என்பதாலேயே ஸ்ட்ராங் ஹைபிரிட் லாபம் என்று முடிவு கட்டுவதும் அவசரம். ஆட்டோமேட்டிக்கை ஆட்டோமேட்டிக்குடன் ஒப்பிடுவோம். அறிமுகத்தின்போது மைல்டு ஆட்டோமேட்டிக்கின் அறிவிப்பு 20.58 கி.மீ. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓடினால் அதற்கு 583 லிட்டர் பெட்ரோல் வேண்டும், ஸ்ட்ராங் வகைக்கு 429 லிட்டர். மிச்சம் 154 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 15,400 ரூபாய். அதாவது விலை வித்தியாசத்தில் ஒவ்வொரு லட்சத்தையும் திரும்ப எடுக்க ஆறரை ஆண்டு ஆகும். தினமும் நகர நெரிசலில் இதைப்போல் இரு மடங்கு ஓடுகிறவருக்கு அது பாதியாகும். மாதம் ஒருமுறை ஊருக்குப் போய் வருகிறவருக்கு அந்தப் பணம் திரும்ப இன்னும் நெடுங்காலம் ஆகலாம். டிக்கியும் கணக்கில் சேரும்: பேட்டரி பின்புறம் இருப்பதால் ஸ்ட்ராங் வகையில் சாமான் இடம் கண்கூடாகக் குறைவு. ‘ஹைபிரிட்டுக்கு வரி குறைவு’ என்ற பேச்சையும் சரிபார்க்க வேண்டும். 5 சதவீத ஜி.எஸ்.டி. மின்சார வண்டிக்குத்தான், நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த ஹைபிரிட்டுகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

அறிவிக்கப்பட்ட மைலேஜ் சாலையில் எடுத்த அளவு அல்ல. ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, மணிக்கு 90 கி.மீ.க்கு மிகாமல், ஏறத்தாழ இருபது நிமிடம் ஓட்டி எடுத்த எண் அது. இரண்டு வண்டிகளை ஒப்பிட உதவும், பெட்ரோல் செலவைச் சொல்லாது. ‘அப்படியானால் விளம்பரம் எதைச் சொன்னாலும் நிறுவனம் தப்பித்துவிடுமே’ என்று கேட்கலாம். அப்படி இல்லை. 2004-இல் வாங்கிய மாருதி ஜென் கார் ஒன்றுக்கு விளம்பரம் சொன்னது 16 முதல் 18 கி.மீ., கிடைத்தது சராசரி 10.2. அந்த வழக்கில் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீட்டைத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2024 ஜனவரியில் உறுதிசெய்தது. திருச்சூர் நுகர்வோர் ஆணையத்தில் ஒரு ஃபோர்டு டீசல் கார் வழக்கு. விளம்பரம் சொன்னது 32 கி.மீ.; ஆணையம் அமர்த்திய நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது கிடைத்தது 19.6. இழப்பீடும் வழக்குச் செலவுமாக 3.10 லட்சம் ரூபாய். இரண்டிலும் வழக்கைத் தாங்கியவை விளம்பரத் தாளும் அளவுக் கணக்கும்தான். ஓரிரு கிலோமீட்டர் குறைவுக்கெல்லாம் இழப்பீடு கிடைக்காது. பெரிய இடைவெளியைக் காட்டச் சான்று வேண்டும். டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிய அளவையும் ஓடோமீட்டர் எண்ணையும் பில்லோடு குறித்து வைப்பதே எளிய சான்று.

வாரண்டியில் இரு நிறுவனங்களின் ஒப்பந்தமும் எப்படி வேறுபடக்கூடும் என்பது தெளிவாகத் தெரியும். ஹைபிரிட் பேட்டரிக்கு இரண்டும் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. ஆனால் வண்டிக்கான வாரண்டி டொயோட்டாவில் 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்றிருந்தபோது, மாருதியில் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ.தான். 2024 ஜூலையில்தான் மாருதி அதே அளவுக்கு உயர்த்தியது. ஒரே ஆலை வண்டிக்கு இரண்டு ஆண்டு காலம் இரண்டு வாக்குறுதிகள். எனவே பழைய ஒப்பீட்டை நம்பாமல், வாங்கும் நாளில் உள்ள வாரண்டி புத்தகத்தைக் கேட்டுப் படிக்க வேண்டும்: எந்தெந்தப் பாகம் விலக்கு, சர்வீஸ் தவறினால் என்ன ஆகும், வண்டியை விற்றால் வாரண்டி புதியவருக்கு மாறுமா? இன்சூரன்ஸும் அப்படியே. 2015, 2023 டிசம்பர்களில் சென்னையில் நீரில் மூழ்கிய கார்களின் உரிமையாளர்களுக்குத் தெரியும்: நீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பியதால் வரும் சேதம் சாதாரண பாலிசியில் அடங்காது. அதற்கான கூடுதல் காப்பில் எஞ்சினோடு ஹைபிரிட் பேட்டரியும் மோட்டாரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும்.

‘எங்களிடம்தான் இன்சூரன்ஸ், இந்த அக்சஸரி பேக்கேஜ் எடுத்தால்தான் உடனே டெலிவரி’ என்பது பல ஷோரூம்களில் கேட்கும் வசனம். ஒன்றை வாங்க இன்னொன்றைக் கட்டாயமாக்குவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை என்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்தைத் தேர்வு செய்வது வாங்குபவரின் உரிமை. ‘சின்னத் தொகைக்கு ஏன் சண்டை’ என்று விட்டுவிடுவோர் உண்டு. வாய்ச்சண்டை தேவையில்லை, மறுப்பை மின்னஞ்சலில் அனுப்பினாலே பேச்சு மாறும். டெலிவரி அன்று பணத்தின் கடைசித் தவணைக்கு முன் சேஸிஸ் எண், தயாரிப்பு மாதம், ஓடோமீட்டர் மூன்றையும் படிவத்தோடு ஒப்பிட வேண்டும். 2011 மாடலுக்குப் பணம் கட்டியவருக்குக் கோவா டீலர் ஒருவர் 2009 மாடலைக் கொடுத்த வழக்கில், டீலரின் செயல் தெரிந்திருந்ததற்குச் சான்றில்லாததால் தயாரிப்பு நிறுவனத்தை உச்ச நீதிமன்றம் 2021-இல் விடுவித்தது. புகாரில் எவர் செய்தது எது என்று பிரித்து எழுதுவது எவ்வளவு அவசியம் என்பதை இது காட்டுகிறது.

‘நுகர்வோர் ஆணையம் போனால் பல ஆண்டு இழுக்கும்’ என்பது பொய்யான அச்சம் அல்ல. பரிசோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்கச் சட்டம் முயலச் சொன்னாலும், நடைமுறையில் நீள்வதுண்டு. அதனால்தான் படிப்படியாகப் போவது நல்லது: முதலில் டீலருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்துப்பூர்வப் புகார், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், கடைசியாக ஆணையம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும்; நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்குக் கட்டணம் 400 ரூபாய், அதற்கு மேல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ‘அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சமாதானத்திலேயே அந்தக் கெடு கரைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் குறையை ஜாப் கார்டில் எழுத வைத்து, நகலை வாங்கி வையுங்கள். கிராண்ட் விட்டாராவோ ஹைரைடரோ, எந்தச் சின்னத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த நகல்களை வைத்திருக்கும் கோப்பு வண்டியைவிட மலிவானது; புக்கிங் செய்யும் அன்றே அதைத் தொடங்கிவிடலாம்.