நாற்காலியில் ஒரு ஸ்குரூ லூஸு!

விடியற்காலை நாலரை மணிக்கு நீங்க என்ன பண்ணிட்டிருப்பீங்க? போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடிக்கிட்டு தூங்குவீங்க. நல்லா இருங்க! நான் அந்த நேரத்தில் பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில், எங்கப்பாவோட வெங்காயக் கடையில், ஒரு மூட்டை மேல உட்கார்ந்து விண்வெளி வீரனாகத் துடிக்கும் ஒருத்தனைப் பார்த்துக்கிட்டிருப்பேன்.

குபேர் மார்க்கெட் என்று பேப்பரில்தான் எழுதுவார்கள். ஊர் வாய்க்கு அது எப்பவும் பெரிய மார்க்கெட்தான். நேரு வீதியில் ஷாப்பிங் பண்ணிவிட்டு அப்படியே உள்ளே எட்டிப் பார்த்து, பூக்கடையை போட்டோ எடுத்துக்கிட்டுப் போற டூரிஸ்ட்டுகளுக்கு இந்த நாலரை மணி மார்க்கெட் தெரியாது. தலையில் கூடையோடு "வழி... வழி..." என்று கத்திக்கிட்டே போகும் அண்ணன்கள், ஒரு பக்கம் மல்லிகை வாசம், இன்னொரு பக்கம் மீன் கவிச்சி. செமஸ்டர் லீவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்கு டூட்டி இங்கேதான். லோடு வண்டி வர்றதுக்குள் அரை மணி நேரம் கிடைக்கும். ஒரு பாகம் இருபத்து நாலு நிமிஷம். கணக்கு சரியா இருக்கா?

தொடரின் பெயர் 'உச்சூ க்யோதாய்'. தமிழில் சொன்னால் 'விண்வெளிச் சகோதரர்கள்'. சூயா கொயாமா என்பவர் 2007-ல் எழுத ஆரம்பித்த காமிக்ஸ். 2012 ஏப்ரல் முதல் 2014 மார்ச் வரை 99 பாகங்களாக ஜப்பான் டி.வி.யில் வந்தது. சண்டை கிடையாது. தலைமுடி நட்டுக்கிட்டு நிற்கும் சூப்பர் ஹீரோ கிடையாது. ஆனால், பரீட்சை உண்டு, இன்டர்வியூ உண்டு, வெயிட்டிங் லிஸ்ட் உண்டு. நம்ம வாழ்க்கை மாதிரியே!

அண்ணன் பெயர் முட்டா, தம்பி ஹிபிட்டோ. சின்ன வயசில் ரெண்டு பேரும் விண்வெளிக்குப் போவதாகச் சபதம் போடுகிறார்கள். தம்பி நிஜமாவே நாசா வரைக்கும் போய், 2025-ல் நிலாவில் கால் வைக்கப்போகும் முதல் ஜப்பானியன் ஆகிவிடுகிறான். அண்ணன் கார் கம்பெனியில் இன்ஜினியர். தம்பியைப் பற்றித் தப்பாகப் பேசிய மேனேஜரைத் தலையாலேயே முட்டிவிட்டு, முப்பதைத் தாண்டிய வயசில் வேலை போய், அப்பா அம்மா வீட்டில் வந்து உட்கார்கிறான்.

பக்கத்தில் உட்கார்ந்து கல்லாச் சில்லறையைப் பிரிச்சுக்கிட்டிருந்த அப்பா கேட்டார், "இன்னாடா அது, பொம்மப் படமா?"

கதையைச் சொன்னேன். "பேருக்கு ஏத்த மாதிரி முட்டிட்டானே!" என்று சிரித்தவர், கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி நெலாவுக்குப் போறான், அண்ணன்காரன் வூட்ல குந்திகினு இருக்கானா? அவனுக்கு எப்படி இருக்கும்?" என்றார். அன்றிலிருந்து அவரும் பார்ட்னர். சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லணும். 'ஆக்சிஜன் லீக்' என்றால் நேரா புரிஞ்சுக்கறார். ஜப்பானிய அம்மா, மகனுக்கே தெரியாமல் விண்வெளி நிறுவனத்துக்கு அப்ளிகேஷன் போட்ட கட்டத்தில் மட்டும், "உங்கம்மாவா இருந்தா பேங்க் எக்ஸாமுக்குப் போட்டிருப்பா" என்றார். உண்மை!

இப்போ விஷயத்துக்கு வர்றேன். முட்டா இன்டர்வியூவுக்குப் போகிறான். எதிரே தேர்வுக் குழு. கேள்வி மேல் கேள்வி. ஆனால், அவன் கவனம் போறது தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி மேல். ஒரு ஸ்குரூ லூஸா இருக்கு. சும்மா லூஸாகலை, வேணும்னே கழற்றி விட்டிருக்காங்க. எத்தனையோ பேர் வந்து உட்கார்ந்து விண்வெளி பற்றி வெளுத்து வாங்கிட்டுப் போன அதே நாற்காலி. அவன் கவனிக்கிறான். அவ்வளவுதான் சீன்.

நான் பாஸ் பண்ணிட்டு போனைக் கவிழ்த்து வச்சிட்டேன்.

ஏன்னா... ஒரு ஃப்ளாஷ்பேக். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். போன செமஸ்டர் லேபில் ஒரு கிரைண்டிங் மெஷின். கல்லை மூடியிருக்கும் கார்டில் ஒரு போல்ட் ஆடிக்கிட்டிருந்தது. பார்த்தேன். சொல்லலை. "நம்ம பேட்ச் முடிஞ்சுது, நமக்கு எதுக்கு வம்பு? சொன்னா நீதான் கழட்டினியாம்பாங்க." அடுத்த பேட்சில் என் ஃப்ரெண்டு. கார்டு நழுவி, விரலில் மூணு தையல். எல்லாரும் பதறி ஓடினோம், நானும் ஓடினேன். ஆனால், நான் முன்னாடியே பார்த்தேன் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

விண்வெளி ஆட்களுக்கு ஸ்குரூ மேல் ஏன் இவ்வளவு அக்கறை? 1986 ஜனவரி 28-ஐப் பாருங்கள். அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-வது விநாடியில் சிதறியது. ஏழு பேர் பலி. காரணம், பக்கவாட்டு ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஒரு ரப்பர் வளையம். அன்றைக்குக் காலை கடும் குளிர். குளிரில் ரப்பர் விறைத்து, வாயுவை அடைக்க முடியாமல் போனது. அதிலும் கொடுமை என்னன்னா, அந்த ராக்கெட்டைத் தயாரித்த கம்பெனியின் இன்ஜினியர்கள் முந்தின நாள் ராத்திரியே "இந்தக் குளிரில் வேண்டாம்" என்று எச்சரித்தார்கள். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. கவனித்தவர்களும் இருந்தார்கள், சொன்னவர்களும் இருந்தார்கள். அப்படியும் நடந்தது. அப்போ, சொல்லவே சொல்லாத என்னை மாதிரி ஆள் அங்கே இருந்திருந்தா?

அந்த வெடிப்பு நம்ம ஊர் ஆள் ஒருத்தரையும் தொட்டது தெரியுமா? இந்திய விண்வெளி வீரர் என்றால் நமக்கு ராகேஷ் சர்மாதான். 1984 ஏப்ரல் 3-ல் சோவியத் ராக்கெட்டில் போனார். அவருக்கு மாற்று வீரராக அதே பயிற்சியை எடுத்துக்கொண்டு கீழேயே நின்றவர் ரவீஷ் மல்ஹோத்ரா. ரெண்டு பேரும் விமானப்படை பைலட்கள். இதுவரைக்கும் க்விஸ் பசங்க சொல்லிடுவாங்க. அடுத்தது? 1985-ல் இஸ்ரோ தன்னோட ஆட்களிலிருந்தே ரெண்டு பேரைத் தேர்ந்தெடுத்தது. என்.சி.பட், பி.ராதாகிருஷ்ணன். பைலட்கள் இல்லை பாஸ், விஞ்ஞானிகள்! ராதாகிருஷ்ணன் திருவனந்தபுரம் விண்வெளி மையத்துக்காரர். 1986-ல் அமெரிக்க விண்கலத்தில் நம்ம இன்சாட்-1சி செயற்கைக்கோளோடு அவர்களில் ஒருவர் போவதாகத் திட்டம். சாலஞ்சர் வெடித்தது. பயணம் ரத்து. செயற்கைக்கோள் மட்டும் 1988-ல், பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. (பாண்டிக்காரனான எனக்கு அந்த 'பிரெஞ்சு'வைப் படிச்சதும் ஒரு சின்ன சிரிப்பு.) மனிதர்கள் கீழேயே நின்றுவிட்டார்கள்.

அதன் பிறகு இந்தியர் ஒருத்தர் மேலே போக 41 வருஷம் ஆனது. 2025 ஜூன் 25-ல் சுபான்ஷு சுக்லா கிளம்பி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலை 15-ல் திரும்பினார். அவருக்கு மாற்று வீரர் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர். அவரும் முழுப் பயிற்சி எடுத்தார். அவரும் கீழே நின்றார். இந்த ரெண்டு பேரும் 2024 பிப்ரவரி 27-ல் ககன்யானுக்காக அறிவிக்கப்பட்ட நால்வரில் உண்டு. மற்ற இருவர் அங்கத் பிரதாப், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன். நாலு பேருமே விமானப்படையின் டெஸ்ட் பைலட்கள். முதல் பயணம், புது வண்டி, அதனால் பைலட்கள். நியாயம்தான். ஆனால், 1985-ல் ஒருமுறை திறந்த அந்த விஞ்ஞானி வாசல் மறுபடி எப்போ திறக்கும்னு கேட்க எனக்கு ஆசையா இருக்கு. நம்ம கிளாஸ் பெண்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் பெரிசு. நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி பரீட்சையை அவர்கள் எழுத முடிந்ததே 2021-ல்தான், அதுவும் சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு.

ஜப்பானில் அந்த வாசலை அகலமாகவே திறந்துவிட்டார்கள். 2021-ல் அவர்களின் விண்வெளி நிறுவனம் ஆள் எடுத்தபோது, சயின்ஸ் டிகிரி கட்டாயம் என்ற விதியையே தூக்கியது. 4,127 பேர் அப்ளை பண்ணினார்கள். 2023 பிப்ரவரியில் தேர்வானது ரெண்டே பேர். ஒருவர் சர்ஜன் அயு யொனேடா. இன்னொருவர் மகோட்டோ சுவா. அவருக்கு அப்போ 46 வயசு. 2008-ல் நடந்த தேர்விலும் முயன்று தோற்றவர். முட்டாவுக்கே அண்ணன்!

அந்த 2008 தேர்வு இன்னும் சுவாரஸ்யம். கடைசி ரவுண்டுக்கு வந்த பத்து பேரை ஒரு வாரம் மூடிய அறையில் வைத்து, காகிதத்தில் கொக்கு மடிக்கச் சொன்னார்கள். எதுக்கு? முதல் கொக்கையும், களைத்துப்போய் மடித்த கடைசிக் கொக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான். வேகம் முக்கியமில்லை, சலிப்பு வந்த பிறகும் மடிப்பு ஒழுங்கா விழுதா என்பதுதான் மார்க். தொடரிலும் அஞ்சஞ்சு பேராக ரெண்டு வாரம் அடைத்து வைக்கிறார்கள். "உங்களில் விண்வெளிக்குப் போக ரெண்டு பேரை நீங்களே தேர்ந்தெடுங்க" என்கிறார்கள். முட்டாவின் டீம் என்ன செய்தது என்று சொன்னால் என்னை அடிப்பீங்க. பார்த்துக்கோங்க.

அந்த சீனைப் பார்த்த அன்னிக்கு அப்பா வெங்காயம் கொட்டிப் பிரிச்சுக்கிட்டிருந்தார். மூட்டை வெளியிலிருந்து பார்த்தா பளபளன்னு இருக்கும். அவர் கையை உள்ளே விட்டு, ரெண்டு நிமிஷத்தில் அழுகினதை மட்டும் பிடிச்சு எடுத்துடுவார். எப்படிப்பா? "கைய வச்சா ஈரம் தெரியும்டா. ஒண்ணு வுட்டா மூட்டையே போயிடும்." முப்பது வருஷமா, தினமும், ஒரு மூட்டை விடாம. அவரோட கடைசி மூட்டையும் முதல் மூட்டை மாதிரிதான்.

தொடரில் குறையே இல்லையா? இருக்கு. ரொம்ப மெதுவா நகரும். முந்தின பாகத்தில் பார்த்ததையே அடுத்த பாகத்தின் ஆரம்பத்தில் மறுபடி போட்டு நேரத்தை ஓட்டுவார்கள். செரிக்கா என்று ஒரு டாக்டர் பெண், அருமையான பாத்திரம். ஆரம்பத்தில் முட்டா சைட் அடிக்க மட்டுமே வச்சிருக்காங்களோன்னு கடுப்பாகும். அப்புறம் சரியாகிடும். 99-வது பாகத்திலும் கதை முடியாது, மீதி காமிக்ஸில்தான் என்று சீனியர்கள் எச்சரிக்கிறார்கள். ஆனால், ஒன்று சொல்லணும். 2012-ல் அகிஹிகோ ஹோஷிடே என்ற நிஜ விண்வெளி வீரர், விண்வெளி நிலையத்தில் இருந்தபடியே இந்தத் தொடருக்கு டப்பிங் பேசியிருக்கிறார். பொம்மப் படத்துக்கு!

இங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்க்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர்தான். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பக்கத்து ஊரான விழுப்புரத்துக்காரர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோவில் ஆரம்பிச்சவர். 2023 ஆகஸ்ட் 23-ல் அது நிலாவில் இறங்கினப்ப எங்க கிளாஸே கத்துச்சு. ரெண்டு அரியர் வச்சிருக்கிற நானும் கத்தினேன். நான் மேலே போவேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஆனா, மேலே போற வண்டியில் ஏதோ ஒரு போல்ட் என் மாதிரி ஒருத்தன் கையால்தானே முறுக்கப்படணும்? அந்தக் கை எப்படிப்பட்ட கைங்கிறதுதான் இப்போ எனக்குக் கவலை.

இதை எழுதறதுக்கு முன்னாடி அந்த ஃப்ரெண்டைப் பார்த்தேன். பீச் ரோடில், ரெண்டு டீ. போல்ட் விஷயத்தைச் சொன்னேன். தழும்பு இருக்கிற விரலால் டீ கிளாஸைச் சுத்திக்கிட்டே இருந்தான். அப்புறம், "லூசு... அன்னிக்கே சொல்றதுக்கு என்னடா?" என்றான். என்கிட்ட பதில் இல்லை. டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

இந்த செமஸ்டர் முதல் லேபில், டிரில்லிங் மெஷின் வைஸ் ஆடுதுன்னு கை தூக்கிச் சொன்னேன். "மெஷினைப் பாக்க நாங்க இருக்கோம், நீ அப்சர்வேஷனை எழுது" என்று பதில் வந்தது. பசங்க சிரிச்சாங்க. அடுத்த வாரம் போனப்ப வைஸ் டைட்டா இருந்தது. யார் முறுக்கினதுன்னு தெரியலை.

இப்போ 83-வது பாகம் ஓடுது.

"அண்ணன்காரன் நெலாவுக்குப் போயிட்டானாடா?"

"இன்னும் இல்லப்பா. வெயிட்டிங்."

"சரி, போன உள்ள வையி. வண்டி வந்துடுச்சு."