எட்டு போட ஒரு படகு

பிடித்த மீனை வறுக்க மாட்டார்கள். விற்க மாட்டார்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். சரி, அந்த மீனைப் பிடிக்கிற படகு என்ன விலை? புதிதாக, சகல சாமான்களும் பூட்டி வாங்கினால் ஐம்பதாயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். (ரூபாயில் பெருக்கிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துவிட்டு அன்று ராத்திரி பூரா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.)

மீனின் பெயர் மஸ்கி. வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளில் பாசி ஓரமாக ஒளிந்திருந்து பாயும் முரடு. குணத்தில் நம்ம விரால் மாதிரி, சைஸில் நாலடிக்கு மேல். 1955-லிருந்து விஸ்கான்சின் மாநிலத்தின் அதிகாரபூர்வ மீன் இதுதான். அங்கே ஹேவர்ட் என்ற ஊரில் 143 அடி நீளத்துக்கு இதற்கு ஃபைபர்கிளாஸ் சிலை வைத்திருக்கிறார்கள். வாய்க்குள் ஏறி, பல் வரிசைக்கு நடுவே நின்று ஊரைப் பார்க்கலாம். நம்ம ஊரில் தலைவர்களுக்குக்கூட இந்த வசதி செய்து தரவில்லை!

பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் என் மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போன செப்டம்பரில் மூன்று வாரம் அவன் வீட்டில் தங்கினோம். நான் பி.காம். என்பதால், போய் இறங்கிய இரண்டாம் நாளே ஒரு பஞ்சாயத்து.

"அத்தான், நீங்களே ஒரு படகு பார்த்துச் சொல்லுங்க. பத்து வருஷ லோன் தர்றாங்க."

"அண்ணா, நீங்களாவது புத்தி சொல்லுங்க" என்றாள் அவன் மனைவி. "வருஷத்துல பாதி நாள் ஏரியே ஐஸ்!"

அவள் சொன்னது நிஜம். அங்கே மஸ்கி சீஸன் ஜூன் தொடக்கத்தில் ஆரம்பித்து, டிசம்பர் தலைகாட்டும்போது முடிகிறது. மீதி நாளெல்லாம் படகு போர்வை போர்த்திக்கொண்டு தூங்கும். இன்ஷூரன்ஸும் வட்டியும் தூங்காது. மச்சினனுக்கு ஒன்பது வயதில் ஒரு பையன். அவனையும் கூட்டிக்கொண்டு போவதாகத்தான் திட்டம்.

கடைக்குப் போனோம். பளபளவென்று இருபதடிப் படகு. விற்பனையாளர் எஞ்சினின் குதிரைத்திறனைச் சொன்னார், ஸ்டீரியோவைப் போட்டுக் காட்டினார், கப் வைக்கும் குழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினார். எந்த ஏரியில் ஓட்டப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. எனக்குத் தெரிந்து முதல் கேள்வி அதுதான்.

மின்னசோட்டாவில் மில் லாக்ஸ் என்று ஒரு ஏரி. 1,32,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியை அப்படியே உள்ளே வைத்தாலும் சுற்றி வர இடம் மிச்சமிருக்கும். ஆனால் ஆழம் அதிகபட்சமே நாற்பத்திச் சொச்சம் அடி. பரந்த, ஆழமில்லாத தண்ணீரில் காற்று அடித்தால் அலைகள் செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். அங்கே போகிறவனுக்கு, அடிப்பாகம் ஆழமான 'வி' மாதிரி உள்ள கனத்த படகு வேண்டும். இல்லையென்றால் முதுகெலும்பு கழன்றுவிடும். மச்சினன் போகப்போவதோ பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்து மின்னடோங்கா ஏரிக்கு, ஆபீஸ் முடிந்து சாயங்காலம். அது வளைகுடா வளைகுடாவாகப் பிரிந்து கிடக்கிற ஏரி. காற்றைவிட, சனி ஞாயிறுகளில் மற்ற படகுகள் கிளப்பிவிடும் அலைதான் தொல்லை. பதினேழு அடி அலுமினியப் படகே அங்கே தாராளம்.

ஃபைபர்கிளாஸா, அலுமினியமா என்பது அங்கே இட்லியா தோசையா மாதிரி ஓயாத சண்டை. ஃபைபர்கிளாஸ் கனம், அலையில் மெத்தென்று போகும், காற்றில் சட்டென்று ஒதுங்காது. ஆனால் அதை இழுக்கப் பெரிய வண்டி வேண்டும். மச்சினன் காரின் கையேட்டை எடுத்து இழுவைத்திறனைப் பார்த்தோம். இருபதடிப் படகு வாங்கினால் காரையும் மாற்ற வேண்டும். கராஜை டேப் வைத்து அளந்தோம். கதவு மூடாது! ஆக, லோன் ஒன்றல்ல, இரண்டரை. தங்கச்சி ஒன்றும் பேசாமல் எங்களுக்குக் காபி கொடுத்தாள்.

இனி எட்டு விஷயத்துக்கு வருகிறேன். மஸ்கிக்கு ஒரு கெட்ட பழக்கம். பொய் இரையின் பின்னாலேயே படகு வரைக்கும் துரத்திக்கொண்டு வரும், ஆனால் கடிக்காது. படகோரத்தில் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு முறை இரையைச் சுருட்டி முடித்ததும், எட்டரை அடி, ஒன்பதடிக் கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, எட்டு என்ற எண்ணைப் பெரிதாக வரைய வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் லைசென்ஸுக்குப் போடுகிறோமே, அதே எட்டு. அங்கே காலை ஊன்றினால் ஃபெயில், இங்கே ஊன்றாவிட்டால் ஏரிக்குள்! பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மஸ்கி என்று வசனமே உண்டு. பத்தாயிரம் எட்டு என்று படித்துக்கொள்ளுங்கள்.

எனவே இந்தப் படகில் முக்கியமான இடம் எஞ்சின் அல்ல, விளிம்பு. அது ரொம்ப உயரமாக இருந்தால் எட்டு ஆழமாக விழாது. வலையில் விழுந்த மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றவும் கை எட்டாது. ரொம்பத் தாழ்வாக இருந்தால் அலை உள்ளே வரும், பையன் வெளியே போவான். முன்பக்க மேடை அகலமாக, சமதளமாக இருக்க வேண்டும். ஆனால் மேடையில் நிற்கும்போது முழங்காலுக்குத் தாங்கல் கிடையாது. அதனால் வீசுவது மேடையிலிருந்து என்றாலும், வலை போடுவது கீழே இறங்கி, தொடையை விளிம்பில் சாய்த்துக்கொண்டுதான். அந்த இறங்குமிடம் படகில் ஒழுங்காக இருக்கிறதா என்று நின்று, குனிந்து பார்த்து வாங்க வேண்டும். கடையில் இப்படி நான் வெறுங்கையால் எட்டு போட்டுக் காட்டியதை நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டுமே!

அக்டோபரில் அந்தத் தண்ணீர் பத்து டிகிரிக்கு வந்துவிடும். விழுந்தவன் கையும் காலும் பத்து நிமிடத்துக்குமேல் சொன்ன பேச்சுக் கேட்காது. உயிர்காப்பு ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. பின்புறம் ஏறிவர ஒரு சின்ன ஏணி இருக்கிறதா? கப் குழியை எண்ணிக் காட்டிய மனுஷர் இதைக் காட்டவில்லை. இருபதடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் ஒரு தகடு பதித்திருப்பார்கள்: எத்தனை பேர், மொத்தம் எத்தனை பவுண்டு, எத்தனை குதிரைத்திறன். பளபள விளம்பரத்தைவிட இந்தத் தகட்டுக்கு இலக்கிய மதிப்பு அதிகம் என்பது என் கட்சி. மீனுக்குக் கேட்காமல் படகை நகர்த்தும் எலெக்ட்ரிக் மோட்டார், அதற்கு இரண்டு மூன்று பேட்டரி எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கனக்கணக்கு.

கடைசியில், பழைய படகு விற்கிற ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனோம். பதினேழடி அலுமினியம். பழைய படகில் ரகசியமெல்லாம் பின்பலகையில்தான். மோட்டாரின் அடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினோம். பலகை அசைந்தால் உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அசையவில்லை. தரை முழுக்க மிதித்துப் பார்த்தோம். எங்கும் அமுங்கவில்லை. ஏணி இருந்தது. தகட்டில் ஐந்து பேர். காரின் இழுவைத்திறனுக்குள் அடக்கம். கொடுத்தது, கடைப் படகின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. லோன் கிடையாது.

தங்கச்சி போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று. பையனுக்கு ஜாக்கெட் மாட்டிய பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழே அது சட்டமாகவே இருக்கிறது என்று மச்சினன் சொன்னான்.

"சட்டம் அவனுக்கு. நான் சொன்னது உங்களுக்கும் சேர்த்து" என்றாள்.

போன வாரம் போன் வந்தது. இந்த சீஸனில் மூன்று மஸ்கி படகு வரை வந்து, எட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டனவாம். நாலாவதைக் கடிக்க வைத்தது பையன். நாற்பத்தொரு அங்குலம். தங்கச்சிதான் வலை போட்டிருக்கிறாள்.