கல்லாவில் கிடக்கும் பழைய செல்போன்

வீட்டில் பிள்ளைகள் புது செல்போன் வாங்கினால், பழையது கடைக்கு வந்துவிடும். கல்லாப் பெட்டி பக்கத்தில் ரப்பர் பேண்ட் சுற்றிக் கிடக்கும் அந்தப் போன்தான் இன்று பல கடைகளில் ஆர்டர் எடுக்கிறது. பணம் வந்ததா என்று பார்ப்பதும் அதில்தான், பாக்கிக் கணக்கும் அதில்தான். ஓடுகிற வரை ஓடட்டும் என்பது நம் வியாபாரிகளின் குணம். தராசுக்கு அது சரி. செல்போனுக்குச் சரிவராது என்பதை நாம் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

ஒரு மாதம் முதல் தேதி காலை, கடை திறந்ததும் பார்த்தால் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. 'இந்தக் கருவியில் இனி இயங்காது' என்று வந்தது. வீடுகளில் இருந்து மாதச் சாமான் பட்டியல் வரும் நாள் அது. பையனை நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாக அனுப்பினோம். அதற்குள் இரண்டு வாடிக்கை வீடுகள் வேறு கடையில் வாங்கிவிட்டன. புதுப் போனில் அதே நம்பரைப் போட்டபோதுதான், பேக்கப் எடுத்து வைக்கவில்லை என்பதே தெரிந்தது. சிட்டைகளின் படங்கள் கேலரியில் கிடைத்தன. எழுத்தில் வந்த பாக்கி விவரங்கள் போனது போனதுதான். நான்காயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதாயிற்று. நல்லவேளை, பெரும்பாலோர் நேர்மையாகக் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி?

செல்போன் கெட்டுப்போவதால் அல்ல. போன் தயாரித்த கம்பெனி சில ஆண்டுகளுக்குப் பின் அதன் ஆண்ட்ராய்டைப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுகிறது. ஆப் தயாரிப்பவர்களோ, 'இந்த எண்ணுக்கு மேல் இருந்தால்தான் இயங்கும்' என்ற வரம்பை உயர்த்திக்கொண்டே போகிறார்கள். ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழ் உள்ள போன்களில் வாட்ஸ்அப் இப்போது இயங்காது. ஐபோனிலும் இதே கதைதான். 2025 மே மாதம் முதல் ஐஓஎஸ் 15.1 இருந்தால்தான் வாட்ஸ்அப். அதனால் ஐபோன் 5எஸ், 6 ஆகியவை கழிந்துபோயின. வங்கி ஆப்களும் பணம் அனுப்பும் ஆப்களும் பாதுகாப்பு கருதி இன்னும் கறாராக இருக்கின்றன.

முதலில் செய்ய வேண்டியது

செட்டிங்ஸில் 'அபவுட் ஃபோன்' பகுதிக்குப் போய் ஆண்ட்ராய்டு எண்ணைப் பாருங்கள். 5.0 என்றால் 2014இல் வந்தது, 8.0 என்றால் 2017. 10 என்றால் 2019. எண் சிறியதாக இருந்தால், இன்றே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். போன் நம்பர்களை கூகுள் கணக்கில் சேமியுங்கள். பாக்கிக் கணக்கைப் பேரேட்டில் எழுதுங்கள். நம் பெரியவர்களின் சிவப்பு அட்டை நோட்டுக்கு எந்த ஆண்ட்ராய்டும் தேவையில்லை!

பொருந்தும் ஆப் எங்கே கிடைக்கும்?

பிளே ஸ்டோரிலேயே தேடுங்கள். உங்கள் போனுக்குப் பொருந்தாததை அதுவே சொல்லிவிடும். சில ஆப்களுக்குப் பழைய போனில் இயங்கும் பதிப்பு அங்கேயே இருக்கும். ஐபோனிலும், முன்பு இறக்கிய ஆப்பைத் திரும்ப இறக்கும்போது, 'கடைசியாகப் பொருந்திய பதிப்பு வேண்டுமா' என்று கேட்பதுண்டு. 'லைட்' என்று பெயருள்ள சிறிய ஆப்கள் இடம் குறைந்த போனுக்கு ஏற்றவை.

பிளே ஸ்டோரில் இல்லை என்பதற்காக, யாரோ அனுப்பும் ஏபிகே ஃபைலை மட்டும் ஏற்றாதீர்கள். கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே அனுப்பி, போனைக் கைப்பற்றி, வங்கிப் பணத்தைச் சுருட்டும் மோசடி நம் நாட்டில் நடந்து வருகிறது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பணத்துக்குத் தனி வழி

பழைய போனில் பணப் பரிமாற்ற ஆப் வேண்டாம் என்பதே நம் கருத்து. வரவுக்கு அது அவசியமும் இல்லை. கியூஆர் அட்டை சுவரில் இருந்தால் போதும், பணம் கணக்குக்கு வந்துவிடும். சத்தம் போட்டுச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் தன் சிம்மிலேயே இயங்குவது. வங்கிக் குறுஞ்செய்தி பட்டன் போனுக்கும் வரும். சரக்குக்குப் பணம் கட்ட, 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தொடங்கிவைத்த யூபிஐ 123பே வசதி பட்டன் போனிலும் உண்டு.

அப்படியானால் பழைய போனைத் தூக்கி எறிவதா? வேண்டாம். கால்குலேட்டராகவும், சரக்கு வந்து இறங்கும்போது மூட்டையைப் படம் எடுக்கவும், பாட்டுக் கேட்கவும் அது இன்னும் பல நாள் உழைக்கும். விற்பதானால் மட்டும், ஃபேக்டரி ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய வேலையாளுக்கு அவர் தாங்கும் வேலையைத் தருகிறோம். கல்லாச் சாவியை அவர் கையில் தருவதில்லை. பழைய போனுக்கும் அதே நியாயம்தான். அடுத்த முதல் தேதிக்கு முன் உங்கள் போனை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.