நிறையும் தரமும்

ஊவாத் தோட்டங்களில் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்ட காற்று வீசும். கொழுந்து குறையும், அதனாற் பறிப்பவரின் கைத்திறன் குன்றிவிட்டதென எவரும் சொல்வதில்லை. அக்காலத்துத் தேயிலையே மணத்திற் சிறந்ததென உலகச் சந்தை போற்றுகின்றது. நிறை வேறு, தரம் வேறு. இதனை மறந்து மனம் நோகிறவர்கள், கைத்தொலைபேசியிற் சிறு பணயம் வைத்துப் போக்கர் ஆடும் இளைஞர்கள்.

போக்கர் 52 சீட்டுகளைக் கொண்டு ஆடப்படுவது. பரவலான ஆட்டவகையில் ஒருவருக்கு முதலிற் கிடைப்பவை இரண்டு சீட்டுகள். அவை இரண்டும் ஆசாக அமைவது, சராசரியாக, 221 முறைக்கு ஒரு முறையே. அத்தகைய சோடியும், எதிராளியிடம் இரண்டு இராசாக்கள் இருக்கையில், ஏறத்தாழ ஐந்தில் ஒரு முறை தோற்கும். ஆகவே சரியாக ஆடியவன் தோற்பதும், தவறாக ஆடியவன் வெல்வதும் இயல்பே. முயற்சிகள் பெருகப் பெருகத்தான் சராசரி தன் உண்மை உருவைக் காட்டும் என்பதைக் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி நிறுவினார். அவரது நூல் 1713இல் வெளிவந்தது. எனவே முன்னேற்றத்தை அளக்க ஒரு மாலையின் வரவு போதாது; பல்லாயிரம் ஆட்டங்களின் கணக்கு வேண்டும். அன்றாடம் ஆராயத்தக்கது, எடுத்த முடிவு சரியா என்பதொன்றே.

தோல்வியினால் எழும் சினம் பெரும் பகை. இழந்ததை உடனே மீட்கப் பணயத்தை உயர்த்துபவன், சீட்டுக்கன்றித் தன் சினத்துக்கே தோற்கிறான். அவ்வேளையில் எழுந்து செல்வதே நல்லாட்டம். மேலும், ஆட்டம் நடத்தும் நிறுவனம் பணயத் தொகையில் தன் பங்கை எடுத்துக்கொள்வதால், சமவலிமையுள்ளோர் அனைவரும் காலப்போக்கில் நட்டமே அடைவர். கணக்குப் புத்தகம் அதனையே காட்டுமாயின், அதை நம்பி விலகுவதும் முன்னேற்றந்தான். நாட்சம்பளத்தில் அடுப்புக்குரிய பணம் ஒருபோதும் பணயமாகலாகாது.