சாவு வீட்டில் சிரிப்பு: அன்றும் இன்றும்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கமெல்லாம் ஏரியும் வயலுமாக இருந்த காலத்தில், பேரன் பேத்தி எடுத்த பெரியவர் போய்ச் சேர்ந்தால் அது கல்யாணச் சாவு. மேளம் முழங்கும், வெடி வெடிக்கும், தேர்ப்பாடைக்கு முன்னால் மாமன் மச்சான்கள் ஆடிக்கொண்டே போவார்கள்.

செங்கல்பட்டுச் சீமையில் காரியத்துக்குக் கூத்து வைக்கும் வழக்கமும் உண்டு. ஆடுவது கர்ண மோட்சம். செத்தவர் நற்கதி அடைய வேண்டும் என்று ஆடும் அந்தக் கூத்திலும் கட்டியங்காரன் என்ற கோமாளி உண்டு. திரைக்குப் பின்னால் கிரீடமும் புஜக்கட்டையுமாக ராஜா வந்து நின்றால், "யாருய்யா நீ?" என்று கேட்பான். ராஜா தன் பெருமையைச் சொல்லச் சொல்ல, அதைக் கோணலாக்கித் திருப்பிச் சொல்வான். நடுநடுவே ஊர் வம்பையும் இழுப்பான். துக்க வீட்டார் சிரிப்பார்கள். பிறகு கர்ணன் சாயும்போது, அடக்கிவைத்த அழுகையெல்லாம் வெளியே வரும். சிரித்து இளகிய மனசுதான் நன்றாக அழும் என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலத்தில் எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. சாவுக்குப் பறை அடிப்பது சாதி சுமத்திய வேலையாக இருந்தது. இன்று பறையைப் பெண்களும் மாணவர்களும் விரும்பிக் கற்று மேடையேறுகிறார்கள். இந்த மாற்றம் வந்தே ஆகவேண்டியது.

2021இல் தாம்பரம் மாநகராட்சியானது. வயல்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன. வாட்ஸ்அப்பில் செய்தி, தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர், ஹாலில் ஃப்ரீசர் பெட்டி, கீழே அமரர் ஊர்தி, பிறகு எரிவாயு தகன மேடை. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. விடிய விடிய கூத்து ஆட இடமும் இல்லை, உட்கார ஆளும் இல்லை.

இந்தச் சூழலில்தான், 2025 செப்டம்பர் 18 அன்று பெருங்குடி மருத்துவமனையில் நடிகர் ரோபோ சங்கர் காலமானார். வயது 46. உடம்பெல்லாம் உலோக வண்ணம் பூசிக்கொண்டு ஊர் மேடைகளில் ரோபோவாக ஆடி, அதனாலேயே பெயர் பெற்றவர். அவருடைய இறுதி ஊர்வலத்தில் மனைவி பிரியங்கா ஆடினார். வீடியோ பரவியதும், புருஷன் செத்த வீட்டில் ஆட்டமா என்று சமூக ஊடகங்களில் பலர் ஏசினார்கள். அது அவரை வழியனுப்பும் முறை என்று பரிந்து பேசியவர்களும் இருந்தார்கள்.

சாவுக்கு ஆடுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் முன்பு அது பெரும்பாலும் நிறைவாழ்வு வாழ்ந்தவருக்கு, ஆண்கள் ஆடிய ஆட்டம். இங்கே அற்பாயுசில் போனவருக்காக அவருடைய மனைவியே ஆடினார். இன்னொன்றும் மாறியிருக்கிறது. அன்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் செத்தவரைத் தெரிந்தவர்கள். ஆடுபவரின் துக்கமும் அவர்களுக்குத் தெரியும். இன்று பார்ப்பவர் எங்கோ இருந்து சில நொடி வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுகிறார். அழுகைக்கு ஒரே வடிவம்தான் உண்டு என்று அவருக்கு யார் சொன்னது? ஆடிப் பிழைத்த கலைஞனுக்கு ஆட்டத்தைவிடப் பொருத்தமான அஞ்சலி இல்லை.

கூத்தை இனி அடுக்குமாடிக்குள் கொண்டுவர முடியாமல் போகலாம். ஆனால் குடியிருப்புக் கூடங்களில் படத்திறப்பு நடக்கிறது. அங்கே "அன்னாரின் ஆன்மா சாந்தியடைய" என்று முடித்துவிடாமல், மறைந்தவர் அடித்த கூத்தையும் நாலு பேர் எழுந்து சொல்லட்டும். வீட்டார் சிரிக்கட்டும். கட்டியங்காரன் செய்த வேலையை இனி நாம்தான் செய்ய வேண்டும்.